பேச மறுக்கும் வீடு

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இரண்டு அறைக்குள் ஐந்தாறு பேர் வாழ்வது புதினமல்ல. யுத்தத்துக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் பல; சில வீடுகளில் தகப்பன் வெளிநாட்டில். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் இதே நெருக்கம்தான். நடுச்சாமத்தில் மகன் போர்வைக்குள் ஆபாசப் படம் பார்க்கும் ஃபோன் வெளிச்சம் தெரிந்தால் தாய் அதைப் பறிப்பார், ஏசுவார், அழுவார். "உனக்கு என்ன கஷ்டம் ராசா?" என்று மட்டும் கேட்கமாட்டார்.

பாலியல் நடத்தை கைமீறிப் போவதை உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு கோளாறாகவே ஏற்றிருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் 11ஆவது நோய் வகைப்பாட்டில் அதற்கு இடமுண்டு. படிப்பும் வேலையும் உறவும் குலைந்த பிறகும், பலமுறை முயன்றும் நிறுத்த முடியாமல், ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்தால்தான் அப்படிக் கொள்வார்கள். நம் வீடுகள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய செய்தியும் அதிலேயே இருக்கிறது: பாவம் செய்துவிட்டோம் என்ற உறுத்தலால் மட்டும் வரும் வேதனை இந்தக் கோளாறு ஆகாது. வளரிளம் பருவத்தினருக்குப் பாலார்வம் கூடுதலாக இருப்பதும் ஆகாது.

இந்த வேறுபாட்டை எவரும் சொல்லிக்கொடுக்காததால் எத்தனை இளைஞர் வீணாக நொந்துபோகிறார்கள்! விந்து கழிந்து உடல் கெடுகிறதென்று நம்பி வாடிய இலங்கை ஆண்களைப் பற்றி பத்மல் டி சில்வாவும் திசாநாயக்கவும் 1989இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அந்தப் பயத்தை வைத்து லேகியம் விற்பவர்கள் இன்றும் பிழைக்கிறார்கள்.

உண்மையாகவே கட்டுப்பாடு இழந்தவர்களின் கதை வேறு. அமெரிக்க ஆய்வாளர் பற்றிக் கார்ன்ஸ் 1991இல் வெளியிட்ட ஆய்வில், கண்டிப்பு மிகுந்து ஒட்டுறவு குறைந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நிறையப் பேர். சிறுவயதில் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களும் பலர். தனிமை, பரீட்சைப் பயம், தகப்பன் இல்லாத வெறுமை ஆகியவற்றை மறக்க ஒருவன் திரையை நாடுகிறான். பிறகு வெட்கம். வெட்கத்தில் எல்லோரிடமிருந்தும் ஒதுங்குகிறான். ஒதுங்கியதும் மறுபடி அதே திரை. வீட்டார் ஏச ஏச இந்தச் சுழல் இறுகுகிறது.

பாடசாலையும் கைகொடுப்பதில்லை. 7ஆம் தர மாணவர்களுக்கென 2019இல் தயாரான பாலியல், இனப்பெருக்கச் சுகாதார நூல் எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டது.

உதவி தேடலாமென்றால், அங்கொடை என்ற பெயரைக் கேட்டாலே குடும்பங்கள் பின்வாங்குகின்றன. ஆனால் அங்குள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே பேசலாம், இரவிலும் பேசலாம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ அமைப்பும் சொல்வதை வெளியே விடாமல் காது கொடுத்துக் கேட்கிறது. மகன் தயங்கினால், அவனோடு எப்படிப் பேச்சைத் தொடங்குவதென்று கேட்பதற்காகத் தாயே முதலில் அழைக்கலாம்.