ரத்தப்புழுவின் பூர்வீகம்

எலும்போ ஓடோ இல்லாத தட்டைப்புழுக்கள் புதைபடிவமாக எஞ்சுவது மிக அரிது. பிற உயிர்களின் உடலுக்குள் வாழும் ஒட்டுண்ணி இனங்களோ அந்த வாழ்வுக்கேற்பப் பல உறுப்புகளை இழந்தும் மாற்றிக்கொண்டும் இருப்பதால், உருவத்தை மட்டும் வைத்து அவற்றின் உறவுமுறையை வகுத்த பழைய முயற்சிகள் பல இடங்களில் தடுமாறின. டி.என்.ஏ. அந்தத் தடுமாற்றத்தை எவ்வளவு தூரம் நீக்கியது என்பதற்கு, 1851இல் கெய்ரோவில் ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ் மனித உடலில் கண்டறிந்த சிஸ்டோசோமா என்னும் ரத்தப்புழு சிறந்த சான்று.

நன்னீர் நத்தைக்குள் பெருகி, நீந்தும் இளம்புழுவாக வெளிவந்து, தோலைத் துளைத்து உடலுக்குள் புகும் இப்புழு, ரத்த நாளங்களில் ஆணின் உடற்பள்ளத்துக்குள் மெல்லிய பெண்புழு பொதிந்திருக்க, இணையாகவே வாழ்கிறது. மனிதரைத் தாக்கும் இனங்களில் மான்சோனியும் ஹீமட்டோபியமும் ஆப்பிரிக்காவில் பரவலாக உள்ளன. ஜப்பானிக்கம் சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் காணப்படுகிறது. ஆப்பிரிக்காவே இப்பேரினத்தின் தாயகம் என்றும், அங்கிருந்து பிரிந்து நகர்ந்த இந்திய நிலத்தட்டோடு அது ஆசியாவை அடைந்தது என்றும் நெடுங்காலம் கருதப்பட்டது.

எல்லா இனங்களிலும் இருக்கும் ஒரே மரபணுவை எடுத்து, அதன் வேதி எழுத்துகளில் நேர்ந்த மாற்றங்களை ஒப்பிட்டு, புதிய மாற்றங்களைப் பொதுவாகக் கொண்டவற்றை நெருங்கிய உறவாகக் கொள்வதே இக்கருத்தைச் சோதித்த டி.என்.ஏ. ஆய்வின் அடிப்படை. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியே வட்டவடிவ டி.என்.ஏ. உண்டு, அதில் மரபணுக்கள் நிற்கும் வரிசை எளிதில் மாறுவதில்லை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒப்பீட்டில், ஜப்பானிக்கத்தின் வரிசை மற்ற தட்டைப்புழுக்களின் வரிசையை ஒத்திருக்க, மான்சோனியில் மட்டும் பல மரபணுக்கள் இடம்பெயர்ந்திருந்தன. அப்படியானால் பழைய வடிவத்தைக் காத்து வைத்திருப்பது ஆசிய இனமே. வரிசை மட்டுமே தாயகத்தைச் சொல்லிவிடாது என்றாலும், ரைபோசோம் மரபணுக்களைக் கொண்டு வரைந்த வம்சமரத்திலும் ஆசியக் கிளைகளே அடியில் பிரிந்தன. இவ்விரண்டும் சேர்ந்தபோது, ஆசியாவில் தோன்றி ஆப்பிரிக்காவுக்குச் சென்ற பேரினம் இது என்னும் கருத்து வலுப்பெற்றது.

இந்தியக் கால்நடைகளைத் தாக்கும் ஸ்பின்டேல் இனம் இதைவிட வியப்புக்குரியது. அது வாழ்வது ஆசியாவில். அதன் மைட்டோகாண்ட்ரிய வரிசையோ மான்சோனியின் மாறிய வரிசையை ஒத்தது. மாட்டின் மூக்கில் குடியேறி, குறட்டை போன்ற ஒலியோடு அதை மூச்சுத் திணறவைக்கும் நாசாலே இனமும் இதே உறவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே ஆப்பிரிக்காவுக்குப் போன மரபின் ஒரு கிளை மீண்டும் ஆசியாவுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம்; நம் குளங்களில் அவ்விரு இனங்களையும் சுமக்கும் இண்டோபிளனார்பிஸ் நத்தையும் ஆப்பிரிக்காவின் புலினஸ் நத்தைகளுக்கு உறவானதே.

வம்சமரத்தின் கிளைகள் ஒன்றோடொன்று கலப்பதும் உண்டு. 2013இல் பிரான்ஸின் கோர்சிகா தீவில் காவு ஆற்றில் குளித்தவர்களைத் தொற்றிய புழுக்களின் டி.என்.ஏ.யில், மனிதரைத் தாக்கும் ஹீமட்டோபியமும் கால்நடைகளைத் தாக்கும் போவிஸும் கலந்திருந்ததோடு, அவற்றின் மூலம் செனெகல் பகுதி என்பதும் தெரியவந்தது. முட்டையின் வடிவத்தை மட்டும் நுண்ணோக்கியில் பார்த்திருந்தால் இக்கலப்பின் முழு விவரம் தெரிந்திருக்காது.