தோமையார் கையில் மூலைமட்டம் ஏன்?

பாசிர் ரிஸ்ஸில் எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி இருக்கிறார். அவர் வீட்டுச் சுவரில் புனித தோமையார் படம். ஒரு கையில் ஈட்டி, மறு கையில் தச்சர்களின் மூலைமட்டம். "பைபிள்ல இல்லாத படமாம், எடுத்துடச் சொல்றான் பேரன். நீங்க சொல்லுங்க தம்பி" என்றார்.

பேரன் சொல்வது பாதி உண்மை. ஈட்டி, மட்டம் இரண்டுமே பைபிளில் இல்லை. அவை 'தோமாவின் பணிகள்' என்ற நூலிலிருந்து வந்தவை. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் சிரியா வட்டாரத்தில் எழுந்த இந்நூலில் தோமையார் தச்சராக இந்தியா வருகிறார். அரண்மனை கட்ட மன்னர் கொடுத்த பணத்தை ஏழைகளுக்கு வழங்கிவிடுகிறார். அரண்மனை விண்ணுலகில் எழுந்துவிட்டது என்கிறார். இறுதியில் ஈட்டியால் குத்தப்பட்டு இறக்கிறார்.

இதே நூலில் ஒரு முத்துப் பாடலும் உண்டு. பாம்பு காக்கும் முத்தை எடுத்துவர எகிப்துக்குப் போன இளவரசன், தான் யார் என்பதையே மறந்து உறங்குகிறான். வீட்டிலிருந்து வந்த கடிதம் அவனை எழுப்புகிறது. இதில் ஞானவாதத்தின் சாயலைப் பல ஆய்வாளர்கள் கண்டனர். மறுப்போரும் உண்டு.

ஞானவாதிகள் யார்? உலகம் ஒரு சிறை, தன்னை அறியும் இரகசிய ஞானமே விடுதலை என்றவர்கள். சுமார் கி.பி. 180இல் ஆயர் இரனேயு அவர்களைக் கண்டித்து எழுதினார். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாடி அருகே ஒரு சாடியில் கிடைத்த சுவடிகளில் அவர்களுடைய நூல்கள் பல இருந்தன.

அப்படியானால் திருச்சபை அவர்களிடம் கடன் வாங்கியதா? அவசரப்பட வேண்டாம். விலையுயர்ந்த முத்து மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. ஒரே அடையாளத்தை இரு தரப்பும் எடுத்தாண்டன, வெவ்வேறு பொருளில். 'தோமாவின் பணிகள்' நூலைத் திருச்சபை பைபிளில் சேர்க்கவில்லை. ஆனால் அதிலுள்ள தச்சரை விடவும் இல்லை. காரணம் கதையிலேயே தெரிகிறது. ஒருசிலருக்கு மட்டுமே எட்டும் இரகசியம் அந்த அரண்மனையில் இல்லை. பசித்தவருக்குக் கொடுப்பது யாராலும் முடியும்.

இதைச் சொன்னதும் பாட்டி சிரித்தார். "அப்ப படம் இருக்கட்டும். கதையை அவனுக்கு நானே சொல்றேன்" என்றார்.

உங்கள் வீட்டுப் படத்துக்கும் ஒரு கதை இருக்கும். கழற்றுவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.