நோவும் இரண்டாவது அம்பும்

'தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பது நம்மவர் பழமொழி. காயத்தைக் கண்ணாற் காணலாம். காய்ச்சலைக் கருவியால் அளக்கலாம். நோவையோ நொந்தவர் மட்டுமே அறிவர். ஆண்டுக்கணக்காக நாரிநோவால் வருந்தும் தாயொருத்தியை எண்ணிப் பாருங்கள். எண்ணெய் பூசியாயிற்று, மாத்திரை விழுங்கியாயிற்று, வைத்தியர் பலரைக் கண்டாயிற்று. நோவு சற்றுத் தணிவதும் மீண்டும் தலைதூக்குவதுமாய்க் காலம் கழிகின்றது. இத்தகையோருக்குத் தியானம் துணை செய்யுமா? செய்யும் என்றே ஆராய்ச்சிகள் பல கூறுகின்றன. ஆயினும், எவ்வாறு செய்யும், எந்த அளவுக்குச் செய்யும் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும்.

பௌத்தரின் பாளி நூலாகிய சம்யுத்த நிகாயத்தில் ஓர் உவமை உண்டு. அம்பு பட்டவன்மீது இரண்டாவது அம்பும் பாய்ந்தால் அவன் இரு மடங்கு துன்புறுவான். முதல் அம்பு உடலின் நோவு. இரண்டாவது, அந்நோவினால் மனம் கொள்ளும் கலக்கம். 'இது என்று தீருமோ? நாளை அடுப்படியில் நிற்கவும் இயலாதோ? பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேனோ?' என்னும் ஏக்கங்கள் யாவும் இரண்டாவது அம்பே. முதல் அம்பைத் தடுத்தல் எப்போதும் நம் கையில் இல்லை. இரண்டாவதன் கூரை மழுக்குதல் பயிற்சியால் இயலும்.

இப்பயிற்சியை மேல்நாட்டார்க்கு விளக்கிய நூல்களுள் ஒன்று நம் நாட்டிலேயே எழுந்தது. ஜெர்மனியிற் பிறந்து, 1936இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்ட ஞானபோனிக தேரர், 'பௌத்த தியானத்தின் இதயம்' எனப் பொருள்படும் பெயருடன் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1954இல் வெளியாயிற்று. கண்டி உடவத்தைக்களைக் காட்டிலுள்ள ஆச்சிரமத்தில் நெடுங்காலம் வாழ்ந்த அவர், 1994இல் மறைந்தார்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1979ஆம் ஆண்டு ஜோன் கபட்-சின் என்னும் அறிஞர் தியானப் பயிற்சி நிலையமொன்றைத் தொடங்கினார். வழக்கமான சிகிச்சையாற் குணமடையாத நோயாளர்களை வைத்தியர்கள் அவரிடம் அனுப்பினர். நாட்பட்ட நோவுடைய 51 பேரைப் பற்றி அவர் 1982இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 65 பேரின் நோவு மூன்றிலொரு பங்காவது குறைந்திருந்தது. பின்னர் 2016இல் வெளியான பெரியதோர் ஆய்வில், நாரிநோவுடைய 342 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 44 பேர் அன்றாட வேலைகளைச் செய்வதில் முன்னேற்றம் கண்டனர். தியானம் பயின்றோருள் 60 பேர் கண்டனர். மனப்பயிற்சிச் சிகிச்சை வேறொன்றைப் பெற்ற மூன்றாம் பிரிவினரும் ஏறத்தாழ அதே பயனைப் பெற்றனர். ஆகவே தியானம் மாயவித்தையன்று. பயன் தரும் வழிகளுள் ஒன்று.

2011இல் வெளியான சிறியதோர் ஆய்வு நம் உவமையை நினைவூட்டுகின்றது. 15 பேருக்கு நான்கு நாள், நாளொன்றுக்கு 20 நிமிடம் தியானம் கற்பித்து, காலிற் சூடு வைத்துப் பார்த்தனர். நோவின் கடுமை சராசரியாக நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது. அதனால் உண்டான வேதனையுணர்வோ 57 பங்கு குறைந்தது. இரண்டாவது அம்பே கூடுதலாகத் தளர்ந்தது எனலாம்.

இனிப் பயிற்சி முறையைக் காண்போம். அமைதியான வேளையில் பாயிற் படுத்தோ, கதிரையிற் சாய்ந்தோ இருங்கள். மூச்சு வந்து போவதை வயிற்றின் அசைவிற் கவனியுங்கள். பின் காற்பெருவிரல் முதல் தலைவரை ஒவ்வோர் உறுப்பாக மனத்தைச் செலுத்துங்கள். நோகும் இடம் வந்ததும் விலகி ஓடாதீர்கள். அது எரிகின்றதா, இழுக்கின்றதா, குத்துகின்றதா, கூடிக் குறைகின்றதா என்று மட்டும் பாருங்கள். கவலை எழுந்தால், 'இது கவலை' என்று அறிந்து மூச்சுக்குத் திரும்புங்கள். தொடக்கத்திற் பத்து நிமிடம் போதும். சில வாரங்கள் விடாது பயிலுதல் நன்று.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. காரணம் அறியப்படாத புதிய நோவை முதலில் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். நெஞ்சுநோவு வந்தாலோ, நாரிநோவுடன் காய்ச்சல், கால் விறைப்பு, சலம் அடக்க இயலாமை என்பன தோன்றினாலோ, தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். வைத்தியர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்துதல் தகாது. தியானத்தால் மனக்கலக்கம் மிகுமாயின், அதனை நிறுத்தி, அறிந்தவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

இறுதியாக, வீட்டிலுள்ளோர்க்கு ஒரு சொல். மனப்பயிற்சியால் நோவு குறையும் என்றால், நோவே மனக்கற்பனை என்று பொருளன்று. 'எல்லாம் உங்கள் நினைப்புத்தான் அம்மா' என்று பிள்ளைகள் கூறும் சொல்லும் நொந்தவர்மேற் பாயும் அம்பேயாகும். அதனை எய்யாதிருத்தல் எவ்விதப் பயிற்சியுமின்றி இன்றே நம்மால் இயலும். அம்மா கண்மூடி இருக்கும் அந்தப் பத்து நிமிடமும் வானொலியைத் தணித்து, அடுப்படி வேலையை ஏற்றுக்கொள்ளும் பிள்ளை, அவர் நோவிற் பாதியைத் தான் வாங்கிக்கொண்டதற்கு ஒப்பாகும்.