ஏரிக்கரைக்குத் தார் வேண்டாம்

கிராவல் என்றால் நம் ஊரில் லாரியில் வந்து இறங்கும் செம்மண். மனைக்கு மேடு நிரவ, பள்ளம் தூர்க்க, தார் போடப் பணம் வராத தெருவுக்கு ஒப்பேற்ற. அதே சொல்லை முன்னால் ஒட்டிக்கொண்டு ஒரு சைக்கிள் வகை இன்று உலகம் முழுக்க விற்கிறது. பந்தய சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பார். ஆனால் டயர் மட்டும் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலம். அதில் காற்றையும் குறைவாகவே அடிப்பார்கள். கல்லின் மேல் ஏறும்போது டயர் அமுங்கிக் கொடுக்கிறது, குலுக்கல் கைக்கு வருவதில்லை. வண்டிகள் வராத சரளைப் பாதையில், நீர்நிலைகளையும் சிறு குன்றுகளையும் ஒட்டி நாள் முழுக்க ஓட்டுவதற்கென்றே இதைச் செய்கிறார்கள்.

இதைப் புது நாகரிகம் என்று நினைக்க வேண்டியதில்லை. தார் போடாத பாதையில் சைக்கிள் ஓட்டுவதற்காகவே 1955இல் பிரிட்டனில் ‘ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்’ என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அமெரிக்காவின் கான்சாஸில், மெல்ல ஏறி இறங்கும் ஃப்ளின்ட் குன்றுகளின் ஊடே 200 மைல் பந்தயம் 2006இல் ஆரம்பித்தது. 2022இல் இத்தாலியில் முதல் உலக சாம்பியன் போட்டியே நடந்துவிட்டது. நமக்கு இதில் வேடிக்கை வேறொன்று. அப்பா, தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றிக்கொண்டு வரப்போரமாக ஓடிய அந்த வண்டி, பெயர் வைக்காத கிராவல் சைக்கிள்தான். கியர் இல்லை, எடை அதிகம். மற்றபடி வேலை ஒன்றே.

ஆக, சைக்கிள் இருக்கிறது. பாதை? காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் செவிலிமேட்டில் நின்று பார்த்தால் இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கம் பாலாற்றுப் பாலம். வந்தவாசிக்கும், மாங்கால் கூட்டுச்சாலைப் பக்கத்துத் தொழிற்பேட்டைக்கும் போகிற கம்பெனி பஸ்களும் லாரிகளும் அதன் மேல்தான் போகின்றன. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 18,000 பேருக்கு மேல் இறந்தார்கள்; அப்படிப்பட்ட சாலையில் பிள்ளையை சைக்கிளில் அனுப்ப எந்த வீட்டில் மனம் வரும்? மறுபக்கம் ஏரிகள். பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு ஏரி மாவட்டம் என்று பெயர். பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தூசி மாமண்டூர் ஏரி. சித்ரமேக தடாகம் என்பது அதன் பழம்பெயர். பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஏரியை ஒட்டிய தாழ்ந்த பாறைக்குன்றில் அந்தக் காலத்துக் குடைவரைகள் இருக்கின்றன. ஒன்றில் உள்ள சிதைந்த கல்வெட்டு, அரசன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நாடகத்தின் பெயரைச் சொல்கிறது. நீர்நிலை, குன்று, வண்டி இல்லாத மண்பாதை என்று வெளிநாட்டுக்காரர்கள் வரைபடத்தில் தேடுகிற மூன்றும் இங்கே ஒரே இடத்தில் கிடக்கின்றன.

ஏரிக்கரையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பிறை வடிவத்தில் வளைந்து போகும். தண்ணீர்ப் பக்கம் அலை அரிக்காமல் கல் பாவியிருப்பார்கள்; மறுசரிவின் கீழே ஆயக்கட்டு வயல். கரையின் தலை எங்கும் ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும், ஓரிடம் தாழ்ந்தால் தண்ணீர் அங்கேதான் வழியும். அதனால் கரைமேல் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மிகுந்த தண்ணீர் வழிந்தோட விட்டிருக்கும் கலங்கலுக்கு வரும்போது மட்டும் பாதை இறங்கும். ஏரி நிரம்பி வழிகிற நாளில் அங்கே இறங்கித் திரும்பிவிட வேண்டியதுதான். இறுகிய களிமண், மேலே பொடிச்சரளை, ஆட்டுப்புழுக்கை, பனங்கொட்டை. இதைவிட நல்ல கிராவல் பாதையைப் பணம் கொடுத்துப் போட முடியாது.

இந்தக் கரைகள் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் பொழுதுபோக்குக்காக மட்டும் திறந்திருக்க வேண்டும் என்பதல்ல வாதம். ஆள் போக முடிகிற கரைதான் பிழைக்கும் கரை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைக்காக அவற்றைக் கொண்டாடுகிறோம், ஆனால் அந்த ஓலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள்; ஆள் பார்க்க வேண்டுமானால் கரைமேல் போக வேண்டும். இன்று பல கரைகளில் வேலிகாத்தான் முள் இரண்டு பக்கமும் கவிந்து, நடுவில் நாய்கூட நுழைய முடியாது. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்த மாதிரி ஒரு மழை வந்தால், கரையில் விழும் முதல் விரிசலை யார் பார்ப்பார்கள்? மணல் மூட்டையை எந்த வழியாகக் கொண்டுபோவார்கள்? தினம் பத்து சைக்கிள் போய் வருகிற கரையில் எலிவளையும் அரிப்பும் அன்றன்றைக்குக் கண்ணில் படும்.

சைக்கிள் ஓடினால் கரை கெடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆளும் வண்டியும் சேர்ந்து நூறு கிலோ. வண்டல் மண் ஏற்றிய டிப்பர் டன் கணக்கு. கரையை உடைப்பது டிப்பரின் சக்கரத்தடம்தான். அந்தத் தடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, ஊறி, சரிவு வழியே இறங்குகிறது. நனைந்த களிமண்ணில் சைக்கிளும் கோடு கிழிக்கும் என்பது உண்மை; மழை விட்டு இரண்டு மூன்று நாள் கரைப்பக்கம் போகாமல் இருந்தால் போதும். அப்படியானால் தாரே போட்டுவிடலாமே என்பது அடுத்த கேள்வி. கரையே ஊருக்கு ஒரே வழியாக இருக்கும் இடங்களில் தார் வேண்டும், மறுப்பில்லை. மற்ற இடங்களில் தார் வந்தால் பின்னாலேயே லாரி வரும், டீக்கடை வரும், கடைக்குப் பின்னால் கொட்டகை வரும். கரை சாலையாகி, ஏரி மனையாகும். இது நாம் பார்த்துப் பார்த்துச் சலித்த கதை.

பறவைகள் கலைந்துவிடும் என்ற ஆட்சேபத்தை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. வேடந்தாங்கலில் பறவைகளைச் சுடக் கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கே கூடு கட்டும் காலத்தில் சைக்கிளும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். மற்ற ஏரிகளில் நத்தைக்குத்தி நாரை வயலில் டிராக்டருக்குப் பின்னாலேயே நடக்கிறது. சத்தமில்லாத சைக்கிளைக் கண்டு அது கலையாது, ஸ்பீக்கர் பாட்டுக்குக் கலையும்.

இது வசதியானவர்களின் விளையாட்டு என்பது கடைசி ஆட்சேபம். லட்ச ரூபாய் சைக்கிளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஏறியது சாதாரண சைக்கிளில்தான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிளும் கரைமேல் ஓடும். வண்டி இருந்தும் பயமில்லாமல் ஓட்ட இடம் இல்லாததே குறை. காஞ்சியில் தெருவிலேயே பாவு நீட்டிய நெசவாளிக்குத் தெருவும் வேலையிடமாக இருந்தது. வண்டிகள் பெருகிய பிறகு தெரு அவரிடமிருந்து போய்விட்டது. கரையாவது மிஞ்சட்டும்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. கரையின் இரு முனையிலும் லாரி நுழையாதபடி கல் நட வேண்டும்; மதகைப் பார்க்க வரும் துறை ஜீப்புக்காக ஒரு கல் கழற்றக் கூடியதாக இருக்கட்டும். புல்லுக்கட்டோடு வரும் மொபெட்டை யாரும் தடுக்க வேண்டாம். வேலிகாத்தானை வேரோடு எடுக்க வேண்டும், இல்லையென்றால் எந்த டயரும் தாங்காது. ஓட்டுவதற்கு ஏற்ற காலம் கார்த்திகை முதல் மாசி வரை; ஏரியில் தண்ணீர் இருக்கும், வெயிலும் பொறுக்கும். உங்கள் ஊர் கிராம சபை அடுத்த முறை கூடும்போது, ஏரிக்கரைக்குத் தார் கேட்காமல் இரண்டு கல் கேளுங்கள்.