தேடலும் வாசிப்பும்: ஜான் கிரீனின் ‘பேப்பர் டவுன்ஸ்’ புதினத்தில் காணாமற்போன தோழி

திறவுச்சொற்கள்: இளையோர் புதினம், மர்மக்கதை, வாசிப்பு, வால்ட் விட்மன், காகித ஊர்

முன்னுரை

துப்பறியும் புனைகதையில் காணாமற்போனவர் பெரும்பாலும் ஒரு வினாவாகவே இடம்பெறுகிறார். அவர் விட்டுச்சென்ற பொருள்கள் தடயங்களாகின்றன. அவற்றை முறையாகப் படிப்பவருக்கு விடை கிட்டுகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீன் 2008இல் வெளியிட்ட ‘பேப்பர் டவுன்ஸ்’ (காகித ஊர்கள்) என்னும் புதினம் இவ்வாய்பாட்டை ஏற்றுக்கொண்டே தொடங்குகிறது. சிறந்த இளையோர் மர்மப் புதினத்துக்கான எட்கர் விருதை 2009இல் பெற்ற இந்நூல் 2015இல் திரைப்படமாகவும் வந்தது. விறுவிறுப்பான தேடற்கதை என்ற அளவிலேயே இது பெரிதும் பேசப்பட்டுள்ளது. ஆயினும் இதன் மையச் சிக்கல் தோழி எங்கே இருக்கிறாள் என்பதன்று. அவளை அவன் எவ்வாறு வாசிக்கிறான் என்பதே. அவ்வாசிப்பின் படிநிலைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

கதைக்களம்

ஃப்ளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோ நகரில் குவென்டினும் மார்கோவும் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள். ஒன்பது வயதில் இருவரும் பூங்கா ஒன்றில், தற்கொலை செய்துகொண்ட ஒருவரின் உடலைக் காண்கின்றனர். குவென்டின் பின்வாங்குகிறான், மார்கோ அம்மரணத்தின் காரணத்தை அக்கம்பக்கத்தில் விசாரிக்கச் செல்கிறாள். வளர்ந்தபின் விலகிப்போன அவள், பள்ளியிறுதி ஆண்டில் ஓர் இரவு அவன் சன்னல் வழியே வந்து, பதினொரு செயல்கள் கொண்ட பழிவாங்கும் திட்டமொன்றுக்கு அவனைத் துணையாக அழைத்துச் செல்கிறாள். அதன்பின் காணாமற்போகிறாள். அவளுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது. முன்பும் வீட்டைவிட்டு ஓடியிருக்கிறாள். ஆகவே காவல்துறை செய்வதற்கு அதிகமில்லை. சலித்துப்போன பெற்றோர் வீட்டுப் பூட்டுகளை மாற்றுகின்றனர். பெற்றோரைப் பற்றிப் புதினம் மிகுதியாக எதுவும் கூறவில்லை; பூட்டு மாற்றிய செய்தியே போதுமானதாக இருக்கிறது.

கவிதையைத் தடயமாகப் படித்தல்

மார்கோவின் சன்னல் திரையில் நாட்டார் இசைக் கலைஞர் வுடி கத்ரியின் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. அதிலிருந்து ஓர் இசைத்தட்டுக்கும், இசைத்தட்டிலிருந்து அவள் அறையிலுள்ள விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’ தொகுப்புக்கும் குவென்டின் வந்து சேர்கிறான். 1855இல் முதற்பதிப்புக் கண்ட இந்நூல் தமிழ் வாசகர்க்கு அந்நியமன்று. விட்மனைப் பாரதி தம் கட்டுரையில் அறிமுகப்படுத்தினார். தம் புதுக்கவிதை முயற்சிக்கு இத்தொகுப்பே தூண்டுகோல் என ந. பிச்சமூர்த்தி குறிப்பிட்டுள்ளார்.

நூலில் மார்கோ பல அடிகளை நீல வண்ணத்தாலும், கதவுகளைக் கழற்றுமாறு கூறும் இரண்டடிகளைப் பச்சை வண்ணத்தாலும் குறித்து வைத்திருக்கிறாள். குவென்டினும் நண்பர்களும் அவ்வடிகளைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டு அவளது அறைக்கதவைக் கழற்றுகின்றனர். ஒன்றும் கிட்டவில்லை. பின்னர் தன் அறைக்கதவைக் கழற்றும்போது முகவரி எழுதிய காகிதத் துண்டு கிடைக்கிறது. இங்கு ஆசிரியரின் நுட்பம் கவனிக்கத்தக்கது. மேலோட்டமான அச்சொற்பொருள் வாசிப்புக்குப் பயன் கிடைத்துவிடுகிறது; எனவே அவ்வாசிப்பே சரியானது என்னும் மயக்கம் குவென்டினுக்கு மட்டுமின்றி வாசகருக்கும் உண்டாகிறது.

முகவரி காட்டிய கைவிடப்பட்ட வணிக வளாகத்துக்குச் செல்லும் அவனை அச்சம் பற்றிக்கொள்கிறது. மார்கோ உயிருடன் இல்லையோ என்ற ஐயத்துடன் கவிதையைப் படிப்பதால், புல்லைப் பற்றிய அடிகள் யாவும் கல்லறையைப் பற்றியனவாகவே தோன்றுகின்றன. ஆங்கில ஆசிரியை ஹோல்டன் அடிப்படையில் நம்பிக்கை சார்ந்த கவிதை அது என்றும், குறியிடப்பட்ட அடிகளை மட்டும் பிரித்தெடுத்தால் அது இருண்டுவிடுகிறது என்றும் உணர்த்துகிறார். ஒரே வேரிலிருந்து கிளைக்கும் புல்லைப்போல் மனிதர் ஒருவரோடொருவர் பிணைந்துள்ளனர் என்பது அக்கவிதையின் முழுமையிலேயே புலப்படும். மேற்கோளுக்காக மட்டும் நூலைப் புரட்டும் ஆய்வு வழக்கத்தையும் இப்பகுதி நினைவூட்டாமலில்லை.

புதினத்தின் மூன்று பகுதிகளுக்கும் இடப்பட்ட தலைப்புகள் (‘இழைகள்’, ‘புல்’, ‘கலம்’) மனிதரைக் குறித்த மூன்று உருவகங்கள். இழை அறுந்தால் மீளாது. புல் ஒன்றையொன்று தாங்கும். கலம் விரிசலுறும், அவ்விரிசல் வழியேதான் உள்ளிருப்பதைக் காணவும் இயலும். எவ்வுருவகத்தைத் தேர்கிறோமோ அதற்கேற்பவே பிறரை அறிகிறோம் என்பது குவென்டின் இறுதியில் எய்தும் தெளிவு.

காகித ஊர்

தேடல் நியூயார்க் மாநிலத்தின் ஆக்லோவில் முடிகிறது. இவ்வூரின் வரலாறு கற்பனையன்று. 1930களில் ஜெனரல் டிராஃப்டிங் நிறுவனத்தின் ஆட்டோ ஜி. லிண்ட்பெர்க்கும் உதவியாளர் எர்னஸ்ட் ஆல்பர்ஸும் தம் பெயர்களின் முதலெழுத்துகளைக் கலைத்து அடுக்கி இல்லாத ஊர் ஒன்றை நிலப்படத்தில் சேர்த்தனர். படத்தைத் திருடி அச்சிடுவோரைப் பிடிக்க வைத்த பொறி அது. பின்னர் ராண்ட் மக்னாலி நிறுவனத்தின் படத்திலும் ஆக்லோ காணப்பட்டபோது, அவ்விடத்தில் அப்பெயரில் ஒரு கடையே இருப்பது தெரியவந்தது. எஸ்ஸோ நிறுவனம் வழங்கிய நிலப்படத்தில் கண்ட பெயரைக் கடைக்காரர் தம் கடைக்குச் சூட்டியிருந்தார். பொய்யாக எழுதப்பட்ட பெயர் மெய்யான இடமாயிற்று.

மார்கோவின் நிலை இதற்கு நேர்மாறானது. மெய்யான பெண்ணொருத்தி பிறர் கண்ணில் காகித உருவாகிவிடுகிறாள். தோழியருக்கு அவள் சாகசக்காரி, பெற்றோருக்குத் தொல்லை, குவென்டினுக்குத் தீர்க்கவேண்டிய அதிசயம். காகிதத்தாலான ஊர், காகிதத்தாலான மனிதர் என அவள் வெறுத்துப் பேசிய வகைக்குள் அவளையே அவன் அடைத்திருந்தான்.

விடையாக மறுக்கும் தோழி

பட்டமளிப்பு விழாவைத் துறந்து, இருபத்தொரு மணிநேரம் வண்டியோட்டி வந்த நண்பர்களை மார்கோ வரவேற்கவில்லை, சினக்கிறாள். தன்னைப் பின்தொடர்ந்து வந்து மீட்கவேண்டும் என்பதற்காக அவள் தடயங்களை விட்டுச்செல்லவில்லை. மர்மக்கதையின் மரபுப்படி உச்சமாக அமையவேண்டிய இடத்தில் இச்சினம் அமைந்திருப்பதே புதினத்தின் வலிமை. தேடியவனின் உழைப்பு தேடப்பட்டவள்மீது அவனுக்கு எவ்வுரிமையையும் தந்துவிடவில்லை.

ஒரு குறையையும் சுட்டவேண்டும். கதை முழுதும் குவென்டினின் தன்மைக் கூற்றாகவே நடைபெறுகிறது. ஒருத்தியைப் பிறர் கற்பனையால் மூடுவது தவறு எனக் கூறும் புதினம், அவளுக்குத் தன்னைப்பற்றி விரிவாகப் பேசும் வாய்ப்பைக் கடைசிப் பக்கங்களிலேயே அளிக்கிறது. அங்கும் அவள் சொற்கள் அவன் செவிவழியே நம்மை வந்தடைகின்றன. எனினும் அப்பக்கங்களில் ஒரு குறிப்பேடு வெளிப்படுகிறது. சிறுமியாக இருந்தபோது மார்கோ எழுதிய துப்பறியும் கதை அதில் உள்ளது. பூங்காவில் கண்ட அம்மரணத்தை அக்கதையில் இருவரும் சேர்ந்து துப்பறிகின்றனர். அவன் அவளைக் கதையாக்குவதற்குப் பல்லாண்டுகள் முன்பே அவளும் அவனைக் கதைப்பாத்திரமாக்கியிருக்கிறாள். ஆக்லோவின் மண்ணைத் தோண்டி அக்குறிப்பேட்டை இருவரும் புதைக்கின்றனர். மார்கோ அவனுடன் ஊர் திரும்பவில்லை.