முன்சில்லைப் பெரிதாக்கும் முன்

பஜாஜ் அவெஞ்சர் 220 பைக்கின் முன் டயரில் 90/90-17 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை வீதம் டயரின் உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். குரூசர் வைத்திருப்பவர்களில் பலருக்கு அந்த மூன்றாவது எண்ணின் மேல்தான் கண். 17 அங்குலத்தை 19 ஆக்கினால் பைக்கின் முகம் எடுப்பாக இருக்கும், 21 ஆக்கினால் படத்தில் பார்த்த சொப்பர் போலவே நிற்கும் என்று ஆசை.

இந்த ஆசைக்குக் காலமும் துணை நின்றது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. ஏறத்தாழ ஐந்து வருடம் இருக்கிற பைக்கையே வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. புதிது வாங்க முடியாதவர்கள் பழையதைப் புதிதாக்கிப் பார்த்தார்கள். பெயின்ற், சீற், ஹெண்டில் என்று தொடங்கிய வேலை சில்லுக்கும் வந்து சேர்ந்தது. முதல் மூன்றும் பெரும்பாலும் அழகுக் கேள்வி. முன்சில்லு உயிர்க் கேள்வி. புத்தளம் மாவட்டத்துக் கரையோர வீதிகளில் ஓடும் குரூசருக்கு இதை அழுத்தியே சொல்ல வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 90/90-17 டயரின் வெளிவிட்டம் சுமார் 594 மில்லிமீற்றர். அதே அகலத்தில் 19 அங்குல ரிம் போட்டால் 645 ஆகும். 21 போட்டால் 695. அதாவது 19க்கு மாறும்போது முன் அச்சு 25 மில்லிமீற்றர் உயர்கிறது, 21க்கு மாறினால் அதன் இரு மடங்கு. ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். அந்த ஓர் அங்குலம் எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது என்பதே விடயம்.

ஹெண்டில் திரும்பும் அச்சைக் கற்பனையில் கீழே நீட்டினால், அது டயர் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய்த் தரையில் முட்டும். அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தூரத்தை ட்ரெயில் என்பார்கள். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சிறு சில்லு, தள்ளும் திசைக்குத் தானாகவே பின்னால் திரும்பி நிற்பதும் இதே விதியால்தான். பைக் நேராக ஓடுவதும், வளைவில் கை சொல்வதைக் கேட்பதும் பெருமளவுக்கு இந்தத் தூரத்தைப் பொறுத்தது. பெரும்பாலான குரூசர்களில் இது 100 முதல் 150 மில்லிமீற்றர் வரை இருக்கும்.

முன் போர்க்கின் சாய்வு 30 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லின் ஆரம் 25 மில்லிமீற்றர் கூடினால், அதனால் மட்டும் ட்ரெயில் 15 மில்லிமீற்றர் அளவு நீளும். முன்பக்கம் உயர்வதால் பைக் முழுவதும் ஏறக்குறைய ஒரு பாகை பின்னால் சாயும். அந்தச் சாய்வு இன்னும் ஏழு மில்லிமீற்றர் வரை சேர்க்கும். மொத்தம் 20க்கு மேல். நீண்ட நேர் வீதியில் இது சுகமாகவே தெரியும். மாற்றியவர்கள் “இப்பதான் பைக் நல்லா ஓடுது” என்று சொல்வதும் அந்த நேர் வீதியை நினைத்துத்தான். மெதுவாகத் திரும்பும்போதுதான் கதை மாறும். ட்ரெயிலும் சாய்வும் கூடக் கூட, ஹெண்டில் திருப்பிய பக்கமாகத் தானே சரிந்து விழப் பார்க்கும். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு, கற்பிட்டிப் பக்கத்து மணல் ஒழுங்கையில் பைக்கைத் திருப்பிப் பாருங்கள். கால் ஊன்றும் இடத்தில் மணல் வழுக்கும், கையில் ஹெண்டில் கனக்கும்.

ஏற்றம் ஒரு பாகைதான் என்றாலும் ஹெட்லைற்றும் அதே ஒரு பாகை மேலே போகிறது. 25 மீற்றர் தூரத்தில் வெளிச்சம் 44 சென்ரிமீற்றர் உயர்ந்து விழும். இரவில் கொழும்பு வீதியில் எதிரே வரும் லொறிச் சாரதியின் கண்ணில் அது நேராகப் படும்.

அடுத்தது பிரேக். டிஸ்க்கும் கெலிப்பரும் பழையவையே, சில்லு மட்டும் பெரிது. அதே அழுத்தத்தில் லீவரைப் பிடித்தாலும் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை சுமார் 8 வீதம் குறையும். இதோடு மீற்றரும் பொய் சொல்லத் தொடங்குகிறது. முன்சில்லிலிருந்து கேபிள் எடுத்து ஓடும் ஸ்பீடோமீற்றரில், 19 அங்குலச் சில்லோடு முள் 60 காட்டும்போது பைக் உண்மையில் 65ல் போய்க்கொண்டிருக்கும். ஐந்து கிலோமீற்றர் கூடுதல் என்பது சிறிய விடயமாகப் படலாம். ஆனால் நிறுத்த வேண்டிய இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் கூடும்: 17 வீதத்துக்கும் மேல். குறைந்த பிரேக்கையும் கூடிய வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால், அதே கைப்பிடி அழுத்தத்தில் முன் பிரேக்கால் நிற்க எடுக்கும் தூரம் கால் பங்குக்கும் மேல் நீள்கிறது. ஏபிஎஸ் உள்ள பைக் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. சென்சர் எண்ணுவது சில்லின் சுழற்சியை. தொழிற்சாலை கணக்கிட்டு வைத்த சுழற்சி வேறு, இப்போது சுழலும் எண்ணிக்கை வேறு.

கற்பிட்டி, புத்தளம் பக்கங்களில் கழுதைகள் வீதியில் தாராளமாக நிற்கும். இரவில் தாரின் நிறத்தோடு ஒன்றிப் போய்விடும், ஹோர்ன் அடித்தால் நகராது. முன் பிரேக்கை முழுதாகப் பிடிக்க வேண்டிய நேரம் அங்கேதான் வரும்.

காற்றும் இருக்கிறது. பாலாவியில் திரும்பிக் கற்பிட்டிக்குப் போகும் சுமார் 40 கிலோமீற்றர் வீதியின் மேற்கே கடல், கிழக்கே களப்பு. தென்மேல் பருவக்காற்று மே மாதம் முதல் மாதக்கணக்கில் விலாவில் அடிக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் நுரைச்சோலை, மாம்புரிக் கரையில் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள், கற்பிட்டிக்குப் பட்டச் சறுக்கு விளையாட்டுக்காரர்களும் வருகிறார்கள். சீமெந்துத் தொழிற்சாலைக்கும் அனல்மின் நிலையத்துக்கும் கனரக வாகனங்கள் ஓடும் வீதிகள் இவை. பெரிய லொறி ஒன்று கடக்கும்போது காற்று ஒரு கணம் நின்று மறுகணம் அறையும். அந்த நேரத்தில் ஹெண்டில் உடனே பேச்சுக் கேட்க வேண்டும். ட்ரெயில் நீண்டு கனத்த முன்பக்கம் அப்படிக் கேட்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து போர்க்கின் நடுவில் இருக்கிறது. முன்பக்கம் உயர்ந்துவிட்டதென்று சில கராஜ்களில் போர்க் குழாய்களை மேலே ஏற்றிப் பூட்டிக் கொடுப்பார்கள். நிற்கும் நிலை பழையபடி வந்துவிடும், பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் டயருக்கும் போர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி என்ன ஆனது? சில்லு பெரிதானதில் 25 மில்லிமீற்றர் போயிற்று, குழாயை ஏற்றியதில் இன்னும் 29. மொத்தம் 54 மில்லிமீற்றர். ஸ்டாண்டில் நிற்கும்போது இது தெரியாது. முன் பிரேக்கைப் பிடித்தபடி குழியில் விழுந்து போர்க் முழுதாக அமுங்கும் கணத்தில் டயர் மட்கார்ட்டையோ தட்டையோ முட்டும். சில்லு அந்த இடத்திலேயே இறுகும். ஓட்டுபவர் ஹெண்டிலுக்கு மேலால் போவார்.

ரிம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். 21 அங்குல ரிம் பெரும்பாலும் கழித்த ட்ரெயில் பைக்கிலிருந்துதான், அதாவது கரடுமுரடான பாதையில் ஓடும் பைக்கிலிருந்துதான் கிடைக்கும். அந்த வகை பைக்கில் வழக்கமான 2.75-21 டயரின் சுமைக் குறியீடு 45, அதாவது 165 கிலோ. அவெஞ்சரின் முன் டயரில் உள்ள 49 என்ற குறியீடு 185 கிலோவைக் குறிக்கும். பிறகு அச்சின் தடிப்பு ஒத்துவராது, டிஸ்க் இருக்கும் தூரம் ஒத்துவராது. லேத்தில் அலுமினியப் புஷ் கடைந்து இடைவெளியை நிரப்புவார்கள். உப்பளமும் களப்பும் கடலும் சூழ்ந்த ஊரில் இரும்பு அச்சும் அலுமினியப் புஷ்ஷும் ஒன்றோடொன்று உட்கார்ந்தால் அரிப்பு வேகமாக வரும். கம்பிச் சில்லு என்றால் நிப்பிள்களில்தான் உப்பு முதலில் பிடிக்கும். ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பாருங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகச் சத்தம் போடும்.

சில்லைச் சிறிதாக்குவதும் இதே தவறின் மறுபக்கம். 100/90-19 போட்ட பைக்கில் 100/90-16 போட்டால் ஆரம் 38 மில்லிமீற்றர் குறையும், ட்ரெயில் 30 வரை சுருங்கும், வேகத்தில் ஹெண்டில் உதறும், வளைவில் கால்மிதி தரையில் தேயும்.

அப்படியானால் கொம்பனிகள் மட்டும் எப்படி மாற்றுகின்றன? யமஹா ட்ராக் ஸ்டார் 400 இதற்கு நல்ல உதாரணம். கஸ்டம் வகையில் முன் டயர் 100/90-19, கிளாசிக் வகையில் 130/90-16. ரிம்மில் மூன்று அங்குல வித்தியாசம். ஆனால் வெளிவிட்டத்தைக் கணக்கிட்டால் ஒன்று 663 மில்லிமீற்றர், மற்றது 640. இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். ரிம்மைக் குறைத்தபோது டயரைத் தடிப்பாக்கி உயரத்தை ஏறக்குறைய காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தத் தடித்த டயருக்கு ஏற்ற போர்க் இடைவெளியும் மட்கார்ட்டும் தொழிற்சாலையிலேயே சேர்ந்து வருகின்றன. ரிம்மை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து பூட்டுபவர் செய்வது அந்த வேலை அல்ல.

சட்டப் பக்கம் சுருக்கமாக. வாகனப் பதிவுச் சான்றிதழில் டயர் அளவுக்கும் ஓர் இடம் இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியின்றி அந்த அளவை மாற்றி ஓட்டி விபத்தில் சிக்கினால், காப்புறுதிக் கொம்பனி கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கலாம். மாற்றத்துக்கு முன் இரண்டு இடத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் முடிவு இதுதான்: போர்க்கும் பிரேக்கும் பழையபடி இருக்க, முன்சில்லின் வெளிவிட்டத்தை மாற்றாதீர்கள். ஆசைப்பட்டால் நல்ல டயர் வாங்குங்கள், ரிம்மை மெருகேற்றுங்கள், அளவைத் தொடாதீர்கள்.

ஏற்கெனவே மாற்றியவர்களிடம் ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய சில்லை விற்றுவிடாதீர்கள். நாளைக்கே கராஜில் போர்க் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, முன்பக்கத்தை முழுதாக அமுக்கி, ஹெண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மட்கார்ட்டின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். டயர் உரசிய கறுப்புக் கோடு ஒன்று இருந்தாலும், அந்தச் சில்லோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். பழையதைப் பூட்டிக்கொண்டு போங்கள்.