உயிர் காக்கும் இரண்டு கம்பிகள்

நடுக்கடலில் உல்லாசப் படகு ஒன்றில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். படகோட்டி ரேடியோவில் உள்ள சிவப்புப் பொத்தானைச் சில வினாடி அழுத்துகிறார். "ஆபத்து" என்ற செய்தி பறக்கிறது.

ஆனால், படகு எங்கே இருக்கிறது?

அதை அறிந்தது, பக்கத்தில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவி. புதிய ரேடியோக்கள் பலவற்றில் ஜி.பி.எஸ். உள்ளேயே இருக்கிறது. பழைய ரேடியோவில் இல்லை. இரண்டையும் இணைத்திருந்தால், ஆபத்துச் செய்தியோடு இடமும் சேர்ந்து போகும்.

வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் எப்படிப் பேசிக்கொள்ளும்? அதற்கு ஒரு பொது மொழி இருக்கிறது. அமெரிக்காவில் 1983-ம் ஆண்டு வகுக்கப்பட்டது. பெயர், "என்.எம்.இ.ஏ. 0183".

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு கம்பியில் ஒரு கருவிதான் பேசலாம். பல கருவிகள் கேட்கலாம். இரண்டு கருவிகள் ஒரே கம்பியில் பேசினால், செய்தி குழம்பிவிடும். பேச்சை வரிசைப்படுத்தி அனுப்ப, "மல்ட்டிபிளெக்சர்" என்ற பெட்டி வேண்டும்.

ஜி.பி.எஸ்.ஸையும் ரேடியோவையும் இணைக்க, பெரும்பாலும் இரண்டு கம்பிகள் போதும். ஜி.பி.எஸ்.ஸின் "அனுப்பும்" கம்பியை, ரேடியோவின் "வாங்கும்" கம்பியோடு சேர்க்க வேண்டும். மற்றொன்று, மின்சாரம் திரும்புவதற்கான பொதுக் கம்பி.

கம்பியின் நிறத்தை நம்பக் கூடாது. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கருவியோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் பார்த்தே இணைக்க வேண்டும். இரண்டு கருவிகளிலும் செய்தி ஓடும் வேகம் ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கமான வேகம், வினாடிக்கு 4,800 பிட்.

படகுக்கு உரிய 9 இலக்க எண்ணையும் ரேடியோவில் பதிந்துவிட வேண்டும்.

இணைப்பு சரியா என்று எப்படி அறிவது? ரேடியோவின் திரையில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரியும். படகு நகர நகர அவை மாறும்.

அதைக் கரையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். கடலில் தத்தளிக்கும்போது கம்பி தேட நேரம் இருக்காது!